வெயில் படாத எலும்பு

அத்தியாயம் 17

காவல் நிலையத்தின் மாடிக்கு ஏற இருபத்திரண்டு படிகள். வினார்த்தி ஒன்பதாவது படியிலேயே நின்றுவிட்டாள்.

கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் உள்ளேயிருந்து கடுத்தது.

மேலே போய்ச் சேர்ந்துவிட்ட அண்ணன் முல்யாதி எட்டிப் பார்த்தான்.

"என்ன, அங்கேயே குடித்தனம் வச்சிட்டியா? மேடம் ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"வரேண்ணே. கால் மரத்துப் போச்சு."

"நாள் பூரா மெஷின்ல உக்காந்திருந்தா மரத்துத்தான் போகும். வா, வா."

கால் மரத்துப் போகவில்லை. ஒன்றரை வருஷமாக அவள் எல்லாரிடமும் சொல்லி வரும் பொய் அது. நடை தள்ளாடுகிறது என்று தெரிந்தால் தையல் ஆலையில் அடுத்த ஒப்பந்தத்தில் பெயர் இருக்காது. மரச்சாமான் பட்டறையில் புருஷன் தர்யோனோவுக்கு வேலை போன பிறகு வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். அதனால் அவனிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நடந்ததைப் போன அத்தியாயத்தில் சொன்னேன். பதினான்கு மாத மகள் லாரஸுக்குத் தர்யோனோ சட்டை மாற்றினான். கையைச் சட்டைக்குள் நுழைக்கும்போது சுள்ளி முறிவது போல ஒரு சத்தம் கேட்டது என்றான். சந்தில் யாரும் அதை நம்பவில்லை. படம் எடுத்த கிளினிக் டாக்டர், மேல்கை முறிந்திருக்கிறது, விலாவில் இரண்டு எலும்பு சில வாரங்களுக்கு முன்பே முறிந்து தானாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தோடு சனிக்கிழமை முல்யாதி புகார் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை தர்யோனோவை அழைத்துப் போனார்கள். லாரஸ் பெரிய மருத்துவமனையில் கையில் கட்டோடு கிடக்கிறாள். பக்கத்தில் முல்யாதியின் மனைவி இருக்கிறாள்.

இன்று செவ்வாய்.

பெண்கள், குழந்தைகள் பிரிவின் அதிகாரி ஹந்தயானிக்கு ஐம்பது வயது இருக்கும். மேசையில் பாதி கடித்த பொரித்த சோயா டெம்பேயும் ஒரு பச்சை மிளகாயும் இருந்தன. வினார்த்தி உட்காரும் விதத்தைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"சாப்டியாம்மா?"

"ஆச்சு மேடம்."

சாப்பிடவில்லை.

"குழந்தையத் தூக்கறது, குளிப்பாட்டறது எல்லாம் யாரு?"

"நானும் அவரும்தான்."

"வேற யாரும்?"

"அண்ணி எப்பவாவது."

"கடைசியா எப்ப?"

"நோன்புப் பெருநாளுக்கு."

அதிகாரி இரண்டு விரலால் தட்டச்சு செய்தாள். "நீ எத்தனை மணிக்கு வீட்ட விட்டுக் கிளம்புவ?"

"அஞ்சேகால். விடியறதுக்கு முன்னாடி."

"திரும்பறது?"

"ஏழு. ஓவர்டைம் இருந்தா எட்டரை."

"ஆக, பகல் பூரா குழந்தை புருஷன் கையில." அது கேள்வி இல்லை. "அவர் அடிச்சதப் பாத்திருக்கியா?"

"இல்ல மேடம்."

முல்யாதி நாற்காலியை முன்னால் இழுத்தான். துறைமுகப் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் காவலர்களுக்கு மேற்பார்வையாளன் அவன். யாரிடம் பேசினாலும் கேட்டில் நிறுத்தி விசாரிப்பது போலத்தான் பேசுவான்.

"தட்டு விஷயத்தச் சொல்லு."

"அது வேறண்ணே."

"வேறயா இல்லையான்னு மேடம் பாத்துக்கட்டும். சொல்லு."

சொன்னாள். நோன்பு மாதத்தில் ஒரு நாள், வேலை கேட்டு அலைந்துவிட்டு வந்தவன் சோற்றுத் தட்டைச் சுவரில் எறிந்தான். பிறகு அவனே உட்கார்ந்து ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கியதையும், சுவரைத் துடைத்ததையும், முகத்தை மூடிக்கொண்டதையும் அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

"ஒரே ஒரு தடவைதான் மேடம்."

"ஒரு தடவைன்னே போட்டுக்கறேன்."

"அவன்தான் செஞ்சிருப்பான்னு நீ நினைக்கல?" என்றான் முல்யாதி. "பிள்ளையத் தூக்கறது ரெண்டு பேரு. நீ செய்யல. மிச்சம் யாரு?"

வினார்த்தியின் தலை ஆடியதா, குனிந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

தாள் வெளியே வந்தது. கடைசி வரியை அவள் இரண்டு முறை படித்தாள். 'அவர் செய்திருக்கக்கூடும் என்று நினைக்கிறேன்.'

"மேடம், இத நான் சொல்லலயே."

"அண்ணன் கேட்டப்ப தலையாட்டின. வேணாம்னா எடுத்துடறேன். ஒண்ணும் அவசரமில்ல. சொல்லு, எடுத்துடவா?"

மின்விசிறி சுற்றியது. பகலில் பதினான்கு மணி நேரம் தங்கள் ஒற்றை அறை வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று தனக்கு எப்படித் தெரியும் என்று வினார்த்தி யோசித்தாள். நாலு மாதமாக அவன் சரியாகப் பேசுவதில்லை. சமீபமாகக் குழந்தையை அவள் கையில் கொடுக்கும்போது ஒரு மாதிரி தயங்குகிறான். கொடுத்த பிறகும் பக்கத்திலேயே நிற்கிறான். எதையோ மறைக்கிறவன் அப்படித்தானே நிற்பான்?

"இருக்கட்டும்," என்றாள்.

கையெழுத்துப் போட்டாள்.

"அவரப் பாக்கலாமா மேடம்?"

"இப்ப வேணாம். முதல்ல இத அவர்கிட்ட காட்டிப் பேசணும்."

*

மருத்துவமனைக்கு வந்தபோது பதினொன்றரை. வாசல் தார்ச்சாலையில் செருப்பு ஒட்டி ஒட்டி வந்தது.

லாரஸ் விழித்திருந்தாள். நெற்றி வியர்த்து, தலைமுடி தலையணையில் ஒட்டியிருந்தது. அவளுக்குத் தலை எப்போதும் இப்படித்தான் வியர்க்கும். பதினான்கு மாதம் ஆகியும் இன்னும் எழுந்து நிற்கவில்லை. குண்டுப் பிள்ளைகள் மெதுவாகத்தான் நடக்கும் என்று அண்ணி சொல்லியிருந்தாள்.

டாக்டர் ரெத்னோ அவர்களுக்காகவே காத்திருந்தவள் போல வந்தாள். குள்ளமான, சுருக்கமாகப் பேசும் பெண். வெள்ளைக் கோட்டுக்குள் பாத்திக் பூச்சட்டை. இரண்டு எக்ஸ்ரே படங்களை ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தாள்.

"கிளினிக்ல கையும் நெஞ்சும் மட்டும்தான் எடுத்திருக்காங்க. மணிக்கட்டையும் முழங்காலையும் நேத்து நான் எடுக்கச் சொன்னேன். இங்க பாருங்க. எலும்போட நுனி கத்தியால வெட்டின மாதிரி நேரா இருக்கணும். இது?"

வினார்த்தி பார்த்தாள். நுனி கிண்ணம் போலக் குழிந்து, பழைய தூரிகை போலப் பிரிந்து கிடந்தது.

டாக்டர் அவள் விரலைப் பிடித்துக் குழந்தையின் நெஞ்சின் ஓரமாக மேலிருந்து கீழே நகர்த்தினாள். ஒவ்வொரு விலாவிலும் ஒரு மணி போல முண்டு தட்டுப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் குளிப்பாட்டும்போது வினார்த்தி இதைத் தொட்டிருக்கிறாள். எல்லாக் குழந்தைக்கும் இருக்கும் என்று நினைத்திருந்தாள்.

"இது அடிச்சு முறிஞ்ச எலும்பு இல்லம்மா. இன்னும் சூளைக்கே போகாத பச்சைச் செங்கல் மாதிரி எலும்பு. சட்டை மாட்டறப்போ கொஞ்சம் திரும்பினாலே போதும்."

"சட்டை மாட்டினா கை ஒடியுமா டாக்டர்?" என்றான் முல்யாதி. "யார்கிட்ட கதை சொல்றீங்க?"

"ஒடியும். ஒடிஞ்சிருக்கு. படம் உங்க கண்ணு முன்னாடி இருக்கு."

கோட்டுப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"ரத்த ரிசல்ட் இன்னைக்குக் காலைலதான் வந்துச்சு. விட்டமின் டி இருக்க வேண்டியதுல கால் பங்குகூட இல்ல. சுண்ணாம்புச் சத்து உள்ள போனாலும் எலும்புல ஒட்டாது."

முல்யாதி சிரித்தான். "அது வெயில்லருந்து வர்றதுதானே? டாக்டர், இது செமராங். ஒன்பது மணிக்கே கருவாடு காயற ஊரு. இங்க வெயிலுக்கா பஞ்சம்?"

"வெயில் ரோட்ல இருக்கு. இந்தப் பிள்ளை ரோட்ல இருந்துச்சா?"

முல்யாதி படுக்கையில் கிடந்த குழந்தையைத் திரும்பிப் பார்த்தான்.

"காலைல வெயில் காட்டுவீங்கல்ல?" என்று டாக்டர் வினார்த்தியிடம் கேட்டாள். ஊரில் எந்தத் தாயும் செய்வதுதான் அது.

வினார்த்திக்குத் தன் அறை கண்முன் வந்தது. கடல் தண்ணீர் ஏறுகிறது என்று வீட்டுக்காரர் மூன்று முறை தரையை உயர்த்தியிருந்தார். கூரை தலையில் இடிக்கும். முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்ட ஜன்னலைப் பாதிக்குமேல் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். எதிரே கிடங்குச் சுவர். சந்துக்கு மேலே தகரம். பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்குப் போட வேண்டும்.

"பாப்பாவுக்கு மூணு மாசத்துல இருமல் வந்துச்சு டாக்டர். சந்து முனைல நாள் பூரா லாரி. புகை, தூசி. இருமி இருமி மூஞ்சி நீலமாச்சு." குரல் இறங்கியது. "வெளிய தூக்கிட்டுப் போகாதீங்கன்னு நான்தான் சொன்னேன். கதவையே திறக்காதீங்கன்னேன். தினமும் கிளம்பறப்போ சொல்லிட்டுத்தான் போவேன்."

"அவர் கேட்டாரா?"

"ஒரு நாள்கூட மீறல."

இன்னொன்றையும் அவள் சொல்லியிருக்கலாம். பெருநாளுக்கு வந்த சொந்தக்காரர்கள் லாரஸின் நிறத்தைப் பார்த்துப் புகழ்ந்தார்கள். வெயில் படாமல் வளர்க்கிறாள், சும்மாவா என்றார்கள். அன்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. புகையெல்லாம் அடங்கிய நாட்களிலும் கதவைத் திறக்கச் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

"தாய்ப்பால் குடுக்கறீங்களா?"

"ராத்திரியும் விடியக்காலையும். அஞ்சேகாலுக்குத் தையல் ஆலைக்குக் கிளம்பினா ஏழு ஆயிடும். பகல்ல அவர் கஞ்சி குடுப்பார்."

"சொட்டு மருந்து ஏதாவது?"

"இல்ல."

"எந்திரிங்க. கையை ஊணாம எந்திரிங்க."

வினார்த்தி முயன்றாள். நாற்காலியிலிருந்து பாதி எழுந்து மறுபடி விழுந்தாள். இரண்டாம் முறையும் அப்படியே. டாக்டர் குனிந்து அவளுடைய முழங்காலுக்குக் கீழே எலும்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அவள் பல்லைக் கடித்தும் சத்தம் வெளியே வந்துவிட்டது.

"எத்தனை நாளா இப்படி?"

"லாரஸ் வயித்துல இருந்தப்பவே."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல."

"இருட்டுல போய் இருட்டுல வர்றது. வண்டில போனா ஜாக்கெட்டு, கையுறை, முகமூடி. உள்ள குழல் விளக்கு." டாக்டர் பெருமூச்சு விட்டாள். "உங்ககிட்டயே இல்லாதது பால்ல எப்படிப் போகும்?"

சொன்ன பிறகு அவளுக்கே அது உறுத்தியிருக்க வேண்டும். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உங்க தப்புன்னு சொல்லல. போன வருஷம் என் ரத்தத்தைச் சோதிச்சேன். எனக்கும் குறைவுதான். நானும் விடியறதுக்கு முன்னாடி உள்ள வந்து இருட்டினப்புறம் வெளிய போறவதானே. உங்களுக்கும் மருந்து தரேன். முதல்ல ரத்தம் குடுங்க."

"பாப்பா நடப்பாளா?"

"நடப்பா. மாசக்கணக்காகும். கால் வளைவு முழுசா நிமிருமான்னு இப்ப சொல்ல மாட்டேன்."

முல்யாதி சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். "அப்ப அந்த விலா எலும்பு? அது முன்னாடியே முறிஞ்சதுன்னாங்களே."

"இருமினா முறியும். தூக்கறப்போ கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சாலும் முறியும்."

"யார் தூக்கினா?"

"யார் தூக்கினாலும்."

டாக்டர் கடிதம் எழுதி முடிக்கும்வரை அண்ணனும் தங்கையும் தாழ்வாரத்தில் இருந்தார்கள். முல்யாதி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சீருடைக் கால்சட்டை முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"யாரா இருந்தாலும் அப்படித்தானே நினைச்சிருப்பாங்க," என்றான். "சொல்லு. நினைச்சிருக்க மாட்டாங்களா?"

அவள் டாக்டரின் அறைக் கதவைப் பார்த்தாள்.

"சனிக்கிழமை அவன் எங்கிட்ட கெஞ்சினான். 'அண்ணே, என்னைத் தெரியாதா உங்களுக்கு'ன்னான். சட்டையப் புடிச்சு இழுத்தேன். சந்து பூரா பாத்துச்சு."

"எந்திரிண்ணே. போலாம்."

"நான் வரல. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது?"

"புகார் குடுத்தது நீ."

"நாளைக்கு வரேன். இன்னைக்கு என்னால ஆகாது. நீ போ."

அவன் குரல் உடைந்ததைக் கேட்டபோது அவளுக்கு அவன்மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்பட நேரம் இல்லை.

*

வாடகை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஜாக்கெட்டை வார்டிலேயே மறந்துவிட்டாள்.

"கையெல்லாம் வெயில்ல இருக்கேக்கா," என்றான் ஓட்டுகிறவன். "கறுத்துடுவீங்க. துண்டு தரவா?"

"வேணாம் தம்பி. ஓட்டு."

ஹந்தயானி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இது பத்து மணிக்கு முன்னாடி வந்திருக்கக்கூடாதா?"

"ரிசல்ட் இன்னைக்குத்தான் வந்துச்சாம். ஏன் மேடம்?"

"அவர் ஒத்துக்கிட்டார்."

வினார்த்திக்குப் புரியவில்லை. "எத?"

"கைய முறிச்சது, விலாவ முறிச்சது, எல்லாத்தையும். எந்த மாசம்னுகூடச் சொல்லிட்டார்."

"நடக்காததுக்கு மாசமா?"

"நாங்க கை வைக்கலம்மா. அதச் சொல்லிடறேன். ரெண்டு நாளா அவருக்கு ஒரே பேச்சுதான். சட்டை மாத்தினேன், சத்தம் கேட்டுச்சு, எனக்கு வேற தெரியாதுன்னு. இன்னைக்குப் பத்து மணிக்கு உன் வாக்குமூலத்தக் குடுத்தேன். நிதானமாப் படிச்சார். தண்ணி கேட்டார். குடிச்சு முடிச்சுட்டு, 'எழுதிக்கங்க மேடம், நான்தான்'ன்னார்."

மேசையில் இருந்த தடித்த கோப்பை அதிகாரி தொட்டுக் காட்டினாள்.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு இது அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போகுது. இந்த லெட்டரையும் வைக்கறேன். ஆனா குற்றம் சாட்டப்பட்டவரே நான்தான்னு சொல்றப்போ ஒரு டாக்டர் லெட்டர யார் முதல்ல படிப்பாங்க? அவர் வாபஸ் வாங்கணும். நீயும் உன்னோடத மாத்தி எழுதணும். போய்ப் பேசு. கால் மணி நேரம் தரேன்."

விசாரணை அறையில் ஒரு மேசையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் இருந்தன. தர்யோனோவின் தாடி முளைத்திருந்தது. காலில் யாருடைய செருப்போ. இரண்டு நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவள் சுவரைப் பிடித்து நடந்து வருவதைப் பார்த்து எழுந்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தான்.

"பாப்பா குடிச்சாளா?"

"குடிச்சா. கஞ்சியும் சாப்டா."

"கஞ்சியில கேரட்ட நல்லா மசிச்சாத்தான் இறங்கும். அண்ணிகிட்ட சொல்லு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். மணிக்கட்டுப் படம், ரத்தம், பச்சைச் செங்கல், அடைத்த ஜன்னல், தன் பால், எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். அவன் குறுக்கிடாமல் கேட்டான். முடிந்ததும் கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"லெட்டர் யார் ஏற்பாடு? முல்யாதியா?"

"ஏற்பாடா?"

"நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா வேணாம். இத நம்பி நான் வாபஸ் வாங்கினேன்னு வை, அவங்க மறுபடி தோண்டுவாங்க. குழந்தையத் தூக்கறது ரெண்டு பேர்னு மேடம் தெளிவாச் சொல்லிட்டாங்க. நான் இல்லன்னா, நீ."

வினார்த்தி அவன் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க என்ன நினைச்சிட்டிருக்கீங்க?"

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. சந்தைக்குப் போயிட்டு வந்தேன். பாப்பா வீறிட்டு அழுவுது. நீ தரையில உக்காந்து அவள நெஞ்சோட இறுக்கிப் பிடிச்சிருந்த. விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்துச்சு. நீயும் அழுத. என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்ன. அதுக்கப்புறம் மூணு நாளு, விலாப்பக்கம் தொட்டாலே கத்தினா."

அந்த ஞாயிற்றுக்கிழமை வினார்த்திக்கு நினைவிருந்தது. குழந்தையைத் தூக்கத் தரையில் உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. அரை மணி நேரம். சுவர் எட்டவில்லை. குழந்தை மடியிலிருந்து நழுவி நழுவிப் போனாள். விழுந்துவிடுவாள் என்று பயந்து இறுக்கிக்கொண்டாள். இன்னும் இறுக்கினாள்.

யார் தூக்கினாலும் என்று டாக்டர் சொன்னது அவளுக்கு இப்போதுதான் முழுதாக விளங்கியது.

"என்னால எந்திரிக்க முடியலங்க. இடுப்பு, கால் எல்லாம் வலி. அதான் அழுதேன். வேற எதுக்கும் இல்ல."

"அப்ப ஏன் அன்னைக்கே சொல்லல?"

ஆலை, ஒப்பந்தம், உங்களுக்கு வேலை இல்லை. மூன்றையும் வரிசையாக நினைத்தாள். மூன்றாவதை அவன் முகத்துக்கு நேரே சொல்ல முடியவில்லை. மற்ற இரண்டும் அது இல்லாமல் நிற்கவில்லை.

"அதுலருந்து உன் கையில பாப்பாவக் குடுக்கவே பயம்," என்றான் அவன். "பக்கத்துலயே நிப்பேன். களைச்சுப்போய் வர்றா, கை மீறிடுச்சுன்னு நினைச்சுக்குவேன். யாருக்கும் நடக்கும். கேட்டா நீ உடைஞ்சு போயிடுவன்னு கேக்கல. காலைல உன் தாள் வந்துச்சு. 'அவர் செய்திருக்கக்கூடும்.' புரிஞ்சுகிட்டேன். நான் ஏத்துக்கணும்னு நீ சொல்றன்னு."

"இல்லங்க." அவள் மேசை விளிம்பைப் பிடித்தாள். "அப்படி இல்ல. நான் நிஜமாவே உங்கள சந்தேகப்பட்டேன். நீங்கதான் செஞ்சீங்கன்னு நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்."

இதைவிடக் கொடுமையான ஒன்றை அவள் அவனிடம் இதுவரை சொன்னதில்லை. ஆனால் அவனைக் காப்பாற்ற அவளிடம் இருந்த ஒரே உண்மை அதுதான்.

தர்யோனோ இல்லை என்பது போலத் தலையை அசைத்தான்.

"உனக்குப் பொய் சொல்ல வராது வினார்த்தி. ஆறு வருஷமா என்கூட இருக்க. என்னையா சந்தேகப்படுவ?"

"பட்டேன்."

"சரி, விடு. அழாத. பாப்பாவுக்கு அப்பன் இல்லன்னா சமாளிச்சுக்கும். அம்மா வேணும்." கையை நீட்டி அவள் விரல்கள்மேல் வைத்தான். "நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்."

கதவு திறந்தது. ஹந்தயானி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"பேசி முடிச்சாச்சா? சொன்னது உண்மை இல்லன்னு ரெண்டு வரி எழுதினாப் போதும். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

வினார்த்தி பேனாவை எடுத்து மூடியைத் திருகிக் கழற்றி அவனிடம் நீட்டினாள். எத்தனை நேரம் நீட்டிக்கொண்டிருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது.

தர்யோனோ கைகளை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"மேடம், இவங்களால படி இறங்க முடியாது," என்றான். "யாரையாவது கூட அனுப்புங்க. பாப்பா தேடும்."